கரிய கல்லில் வெண்பளிங்கு உருவங்கள்: எரெக்தியோன் சிற்பப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றில், பார்த்தெனான் என்ற பெருங்கோயிலுக்கு வடக்கே எரெக்தியோன் என்ற சிறிய கோயில் நிற்கிறது. அதன் சிற்பங்களைச் செதுக்கிப் பொருத்திய கதைதான் இது. பழைய கிரேக்கக் கோயில்கள் எத்தனையோ இருக்க, இதை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. வேலை நடந்தபோதே எழுதிய கணக்கு, பளிங்குப் பலகைகளில் வெட்டப்பட்டு, துண்டுதுண்டாக நமக்குக் கிடைத்திருக்கிறது. யார் எந்த உருவத்தைச் செதுக்கினார், எவ்வளவு வாங்கினார், ஈயம் எத்தனைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தொழிலாளிகளின் பெயர்களும் இருக்கின்றன. இங்கே அவர்களைச் செய்த வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

பார்த்தெனான் வேலை கி.மு. 447இல் தொடங்கி, 432 வாக்கில் சிற்பங்களோடு சேர்ந்து முடிந்தது. எரெக்தியோன் அதற்குப் பிந்தியது. போரிட்டுக்கொண்டிருந்த ஏதென்ஸுக்கும் அதன் எதிரி நகரான ஸ்பார்ட்டாவுக்கும் இடையே 421இல் அமைதி ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த ஆண்டை ஒட்டி வேலை தொடங்கியிருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து.

இடம் சிக்கலானது. கிழக்கிலும் தெற்கிலும் தரை உயரம். வடக்கிலும் மேற்கிலும் ஏறத்தாழ 3 மீட்டர் தாழ்வு. பழைய மரச்சிலை வடிவ அதீனா தேவி, புராண அரசன் எரெக்தியஸ், கடல் தெய்வம் பொசைடன் எனப் பல வழிபாடுகளை ஒரே கட்டடத்தில் அடக்க வேண்டும். புனிதமாகக் கருதிய பாறையையும் மரத்தையும் நகர்த்த முடியாது. அதனால் மூன்று பக்கம் மூன்று விதமான வாசல் மண்டபங்கள் வந்தன. தெற்கு மண்டபத்தில் தூண்களுக்குப் பதிலாக ஆறு கன்னியர் உருவங்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. கேரியாடிட் என்ற பெயர் பிற்காலத்தது. கட்டியவர்கள் அவர்களைக் கோரை, அதாவது கன்னியர் என்றுதான் எழுதினார்கள்.

இந்தக் கன்னியர் முதல் கட்டத்திலேயே செதுக்கி நிறுத்தப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்தாலே சிற்பி எப்படி யோசித்தார் என்று தெரிந்துவிடும். கழுத்துதான் ஒரு மனித உருவத்தின் மெலிந்த இடம், மேலே உள்ள பாரம் அங்கேதான் உடைக்கும். அதனால் தடித்த பின்னல்களைப் பிடரியில் இறக்கி, கழுத்தைக் கல்லின் கனத்தோடு வைத்திருக்கிறார்கள். மூன்று பேர் வலக்காலில் பாரம் கொடுத்து நிற்கிறார்கள், மூன்று பேர் இடக்காலில். பாரம் தாங்கும் கால் எப்போதும் வெளிப்பக்கம்தான். அந்தக் காலை மூடிய ஆடை மடிப்புகள், தூணில் நெடுக ஓடும் குழிவரிகளைப் போலவே நேராக விழுகின்றன. அலங்காரம் என்று தோன்றுவதில் பாதி பாரக்கணக்கு.

முன்பே எடுத்த முடிவு: உருவம் தனி, சுவர் தனி

தூண்களுக்கும் சுவர்களுக்கும் மேலே கட்டடத்தைச் சுற்றி ஓடும் சிற்பப் பட்டைதான் இந்த ஆய்வின் மையம். பார்த்தெனானில் உள்ளறைச் சுவரின் மேலே 160 மீட்டர் நீளப் பட்டை இருக்கிறது. அங்கே உருவமும் பின்புலமும் ஒரே கல். ஏறத்தாழ 1 மீட்டர் உயரப் பளிங்குப் பலகையில் பின்புலத்தைக் குடைந்து இறக்கி, உருவத்தை மட்டும் எழ விட்டிருக்கிறார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று மேற்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிட ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள்.

எரெக்தியோனில் வேறு முடிவு எடுத்தார்கள். பின்புலத்துக்கு எலூசிஸ் ஊரிலிருந்து வந்த கரிய சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். உருவங்களுக்கு வெண்பளிங்கு. ஒவ்வோர் உருவத்தையும் தனியாகச் செதுக்கி, தட்டையான முதுகில் துளையிட்டு, இரும்பு முளையால் கரிய கல்லோடு இணைப்பது திட்டம்.

எலூசிஸ் கல் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அக்ரோபொலிஸ் நுழைவாயிலைக் கட்டியபோதே வெள்ளைக்கு நடுவே அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். புதியது, அதன் மீது உருவங்களை ஆணியடித்தது போல நிறுத்தும் துணிச்சல்தான்.

ஏன் இப்படி? காரணத்தை அவர்கள் எழுதி வைக்கவில்லை. வேலையைப் பார்த்து நாம் படித்தறிய முடிவது இரண்டு. ஒன்று, கண்ணுக்கு. பளிங்குப் பட்டைகளின் பின்புலத்துக்கு நீலம் பூசுவது வழக்கம். வெயிலிலும் மழையிலும் சாயம் வெளுக்கும், கரிய கல் வெளுக்காது. ஏதென்ஸ் வெளிச்சத்தில், தரையிலிருந்து 7 மீட்டருக்கும் மேலே, இரண்டடி உயர உருவம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் இந்த நிறவேறுபாடு உண்மையில் உதவும். இரண்டு, கைக்கு. உருவம் தனியாகிவிட்டால், கட்டடம் எந்த நிலையில் நின்றாலும் சிற்பி தன் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். பத்துப் பேர் பத்து உருவங்களை ஒரே நேரத்தில் செதுக்கலாம். ஒரு கை உடைந்தால் ஓர் உருவம் மட்டுமே வீண், பலகை முழுவதும் அல்ல. சிறிய கற்கள் போதும், மலையிலிருந்து இறக்கும் செலவும் குறைவு. சரி, பெரும்பாலும் நல்லதாகவே தெரிகிறது. குறை எங்கே இருந்தது என்பது பின்னால் வரும்.

வேலை நின்றது

415இல் ஏதென்ஸ் சிசிலிக்குப் படை அனுப்பியது. 413இல் அந்தப் படை அழிந்தது. அதே ஆண்டு ஸ்பார்ட்டா, ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா நாட்டுப்புறத்தின் உள்ளே டெக்கலேயாவில் நிரந்தரக் கோட்டை போட்டு உட்கார்ந்தது. அப்போது 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் தப்பி ஓடினார்கள், அவர்களில் பெரும்பகுதி கைத்தொழில் தெரிந்தவர்கள் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கல் வேலைக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 411இல் ஜனநாயக ஆட்சியே சில மாதங்களுக்குக் கவிழ்ந்தது. கோயில் பாதியில் நின்றது.

கணக்கெடுப்பு, கி.மு. 409

ஆட்சி சீரானதும் மக்கள் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மூன்று மேற்பார்வையாளர்கள், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு செயலர் கொண்ட குழு அமைந்தது. அவர்களுக்குக் கொடுத்த முதல் வேலை கட்டுவது அல்ல, எழுதுவது. கோயில் எந்த நிலையில் இருக்கிறது, எது முடிந்தது, எது அரைகுறை என்று பதிவு செய்ய வேண்டும்.

அந்தப் பதிவு வெட்டிய கல் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படிக்கப் படிக்க மரியாதை கூடும் ஆவணம் அது. இன்று கட்டுமான இடங்களில் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தைப் போல, ஒவ்வொரு கல்லாக நடந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு மூலையில் இன்னும் வைக்காத கற்கள் நான்கு: நீளம் 4 அடி, அகலம் 2 அடி, கனம் ஒன்றரை அடி. சுவரோடு சேர்ந்த தூண்கள் தவிர மற்ற தூண்களில் குழிவரி வெட்டவில்லை. கன்னியர் தலைக்கு மேலே உள்ள கூரைக்கற்கள், 13 அடி நீளம் 5 அடி அகலம், மேற்புறம் இன்னும் சீவ வேண்டும். அந்த மண்டபத்தின் உத்தரத்தில் பூவட்டங்கள் செதுக்க வேண்டும். முழுதாக முடிந்து தரையில் கிடக்கும் கற்கள் தனிப் பட்டியல். அரைகுறையாகத் தரையில் கிடப்பவை இன்னொரு பட்டியல். உருவங்கள் பொருத்தவேண்டிய எலூசிஸ் கல்லும் இதில் வருகிறது. இந்தக் குழுவின் காலத்திலேயே அதில் ஒரு பகுதி மேலேறியது.

இதை நல்ல முடிவு என்று சொல்வேன். பணமும் ஆளும் குறைந்த நேரத்தில், விட்ட இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தொடர்வதுதான் எளிது. சில ஆண்டுகள் வெயிலில் கிடந்த கற்களில் எது எந்த இடத்துக்கு என்பதை முந்தைய ஆட்களே மறந்திருப்பார்கள், பலர் போரில் இறந்திருப்பார்கள். நின்றுபோன வேலையில் முதலில் காணாமல் போவது கல் அல்ல, எந்தக் கல் எதற்கு என்ற நினைவு. அவர்கள் அதைத்தான் முதலில் மீட்டார்கள்.

செதுக்கிய விதம்

வெண்பளிங்கு வந்தது பெண்டெலிக்கோன் மலையிலிருந்து. ஏதென்ஸுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பாறையில் கால்வாய் போல வெட்டி, ஆப்பு அடித்துப் பிளந்து, கல் அங்கேயே ஓரளவு உருக் கொள்ளும். இறக்கிக் கொண்டுவரும் எடையைக் குறைக்க இதுதான் வழி. சறுக்கு வண்டியில் கட்டி, கயிறு பிடித்துத் தளர்த்தித் தளர்த்தி மலையிலிருந்து இறக்குவார்கள். அப்புறம் மாட்டு வண்டி, கோவேறு கழுதை. பார்த்தெனான் காலத்தில் வயதாகி அவிழ்த்துவிட்ட கோவேறு கழுதை ஒன்று, தானாகவே வந்து மற்ற விலங்குகளுக்கு முன்னால் நடந்து அவற்றைக் கூட்டிப்போனதாம். சாகும்வரை ஊர்ச் செலவில் தீனி போடும்படி மக்கள் தீர்மானித்தார்கள் என்று பிற்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

கொட்டகைக்கு வந்த கல்லில் வேலை நடக்கும் வரிசை, கிரேக்கச் சிற்பங்கள் பலவற்றில் விட்டுப்போன உளித் தடங்களிலிருந்து தெரிகிறது. முதலில் கூர்முனை உளி. வேண்டாத கல்லைப் பொளித்துத் தள்ள அதுதான். அடுத்து பல் உளி. வாயில் பல் வெட்டிய அந்த உளி கல்லின் மேல் இணைகோடுகளை விட்டுக்கொண்டே வளைவுகளைத் தேடும். பிறகு தட்டை உளி, அந்தக் கோடுகளை எடுத்துவிடும். ஆடை மடிப்பின் ஆழமான பள்ளங்களுக்குத் துளைக்கருவி: வரிசையாகத் துளைகள் போட்டு, இடையில் நிற்கும் தடுப்புகளை உளியால் தட்டிவிடுவார்கள். கடைசியாக அரமும் குருந்தக்கல் தூளும்.

இங்கே மாறுபட்டது முதுகுதான். பார்த்தெனான் முகப்பு முக்கோணத்தில் நின்ற சிலைகளுக்கு, மேலே ஏற்றிய பின் யார் கண்ணுக்கும் படாத முதுகையும் முழுதாகச் செதுக்கியிருந்தார்கள். எரெக்தியோன் பட்டையில் முதுகு வெறும் தட்டை, கரிய கல்லோடு ஒட்ட வேண்டிய பரப்பு. அதற்கு மேல் அங்கே உளி படவில்லை. சோம்பல் அல்ல அது, பொருத்தும் வேலைக்கு வேண்டிய ஒழுங்கு.

உருவங்களின் ஓரம்தான் இங்கே எல்லாம். பின்புலத்தோடு கலந்து மறையும் மெல்லிய புடைப்புக்கு இடமில்லை, ஒவ்வொன்றும் கத்தரித்த நிழலைப் போல விளிம்பு தெளிவாக நிற்க வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக மறையும் உருவங்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. அதனால் அவற்றை ஒரே ஆளிடம் ஒரே வேலையாகக் கொடுத்தார்கள். கணக்கில் இது அப்படியே தெரிகிறது.

கூலிக் கணக்கு

கி.மு. 408/7ஆம் ஆண்டுக் கணக்குத்தான் இந்த நிகழ்வின் இதயம், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சிற்பிகளுக்கு நாள்கூலி இல்லை, உருப்படிக் கூலி. ஓர் உருவத்துக்கு 60 டிராக்மா (ஏதென்ஸின் வெள்ளி நாணயம்). மார்புக் கவசத்தின் அருகே நிற்கும் இளைஞன், 60. குதிரையும் அதன் பின்னால் தெரியும், அதைத் திருப்பும் ஆளும், 120. தேர், ஓர் இளைஞன், பூட்டப்படும் இரண்டு குதிரைகள், 240. கடிவாளம் பிடித்தவர், 60. பலிபீடத்தின் அருகே கோலூன்றி நிற்பவர், 60. ஒரு பெண், அவள் மேல் சாய்ந்த சிறுமி, 80. சிறுமிக்கு 20 போட்டிருக்கிறார்கள் என்று படிக்கலாம், கல் குறைவு, வேலை குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த வரி இன்னொன்று. குதிரையையும் அதை அடிக்கும் ஆளையும் செதுக்கியவர், பிற்பாடு ஒரு கல்தூணையும் சேர்த்தார். மொத்தம் 127. இரண்டு உருவத்துக்கு 120, தூணுக்கு 7. நடுவில் யாரோ ஒருவர் நின்று பார்த்து, இங்கே ஒரு வெற்றிடம் தெரிகிறது, ஒரு தூண் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியை, வாய்ப்பேச்சில் விடாமல், கல்லில் எழுதி முடித்தார்கள்.

சிற்பத்துக்கு மட்டும் என்று குழு போட்ட கூட்டுத்தொகை 3,315 டிராக்மா. உருவத்துக்கு 60 என்று வகுத்தால் ஏறத்தாழ 55 உருவங்கள் வருகின்றன.

மற்ற வேலைகளுக்கு நாளுக்கு 1 டிராக்மா என்பதே அடிப்படை. கட்டடக் கலைஞருக்கு, 36 அல்லது 37 நாள் கொண்ட ஒரு தவணைக்கு 37 டிராக்மா கொடுத்திருக்கிறார்கள். அதாவது நாளுக்கு ஒன்று, சாரத்தில் ஏறி இறங்கிய ஆளுக்குக் கிடைத்த அதே தொகை. துணை எழுத்தருக்கு 30 டிராக்மாவும் 5 ஒபோலும் (ஆறு ஒபோல் ஒரு டிராக்மா). கிழக்குத் தூண்களில் குழிவரி வெட்டிய குழுக்களில் சொந்த ஊர்க் குடிமக்களும், ஏதென்ஸில் குடியேறிய வெளியூர்க்காரர்களும், அடிமைகளும் ஒரே தூணைச் சுற்றி நின்றார்கள். அடிமைகளின் சொந்தக்காரரே அவர்களோடு சேர்ந்து உளி பிடித்தார். இந்தக் கணக்குகளில் நிலை தெரிந்த 86 தொழிலாளிகளில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் குடியேறியவர்கள், 20 பேர் அடிமைகள். கூலி விகிதத்தில் வேறுபாடு எழுதவில்லை. அடிமையின் பெயருக்கு நேரே உள்ள காசு அவருடைய சொந்தக்காரரின் கைக்குப் போயிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அக்ரோபொலிஸின் பெருமையைப் பேசும்போது, அதைச் செதுக்கியவர்களில் பாதிப் பேர் அந்த ஊரின் மன்றத்தில் வாக்களிக்க முடியாத குடியேறிகள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கூரை உட்புறத்து அலங்காரங்களுக்கு மெழுகில் மாதிரி செய்தார்கள். ஒரு மாதிரிக்கு 8 டிராக்மா. மாதிரியைக் குழு ஒப்புக்கொண்ட பின், அதைப் பார்த்து மற்றவர்கள் ஒரே அச்சில் செய்வார்கள். பூவட்டங்களுக்குப் பூச 166 தங்க ரேக்கு, ஒன்று 1 டிராக்மா. சூடான மெழுகுச் சாயத்தால் விளிம்பு அலங்காரத்துக்கு வண்ணம் தீட்டியவருக்கு அடிக்கு 5 ஒபோல். கணக்கின் நகல் எழுத இரண்டு பப்பைரஸ் தாள்கள், 2 டிராக்மா 4 ஒபோல்: இரண்டரை நாள் கூலிக்கும் மேலே, வெறும் காகிதத்துக்கு.

ஏற்றிப் பொருத்திய விதம்

பெரிய கற்களுக்குச் சாரம், கப்பி, கயிறு. சுவர்க் கற்களைப் பக்கத்துக் கல்லோடு இரும்புக் கவ்விகளால் பிணைத்து, கவ்வியைச் சுற்றி ஈயம் காய்ச்சி ஊற்றுவார்கள். காற்றும் நீரும் இரும்பைத் தொடாமல் ஈயம் மூடிக்கொள்ளும், கல் சற்று அசைந்தால் மெத்தை போல இடமும் கொடுக்கும். இந்தக் கவ்விகளில் பல 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் துருவின்றிக் கிடைத்திருக்கின்றன.

உருவங்களுக்கும் அதே இரும்பு, அதே ஈயம், ஆனால் வேறு நிலை. சுவர்க் கவ்வி கற்களுக்குள்ளே படுத்துக் கிடக்கிறது, மேலே அடுத்த வரிசைக் கல் அழுத்துகிறது. உருவத்தின் முளையோ செங்குத்தான முகத்திலிருந்து வெளியே நீண்டு, ஒரு பளிங்கின் கனத்தை வெட்டவெளியில் பிடித்து நிற்கிறது. பளிங்குக்கும் கரிய கல்லுக்கும் நடுவே மழைநீர் இறங்க ஓர் இடுக்கு எப்போதும் இருக்கும்.

கணக்கில் ஒரு வரி: உருவங்களைப் பொருத்த ஈயம் 2 தாலந்து, 10 டிராக்மா. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ, ஆக 52 கிலோ. இந்த ஒரு கொள்முதலே அந்த 55 உருவங்களுக்கும் என்றால், உருவத்துக்கு 1 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. செதுக்க 3,315, மேலே நிறுத்தும் ஈயத்துக்கு 10. ஓர் உருவத்தின் கூலியில் ஆறில் ஒரு பங்கு.

பின்னால் நடந்தது

கோயில் 406 வாக்கில் ஏறக்குறைய முடிந்தது. அந்தச் சமயத்தில் ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கி நாணயம் அடித்துக்கொண்டிருந்தது. 404இல் நகரம் சரணடைந்தது. இரண்டே ஆண்டு தாமதித்திருந்தால் இந்தப் பட்டை மேலேறியே இருக்காது. தனித்தனியாகச் செதுக்கும் முறையும், கணக்கெடுப்போடு தொடங்கிய ஒழுங்கும்தான் அதைச் சாத்தியமாக்கின என்று நம்புகிறேன்.

பிறகு நீண்ட காலம். ரோமானியர் காலத்தில் தீ விபத்துக்குப் பின் பழுது பார்த்தார்கள். கட்டடம் கிறிஸ்தவத் தேவாலயமானது, உட்சுவர்கள் போயின. உதுமானியர் ஆட்சியில் வீடாயிற்று. 1800களின் தொடக்கத்தில் கன்னியரில் ஒருத்தியை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். 1827இல், கிரேக்க விடுதலைப் போரில் நடந்த முற்றுகையின்போது, குண்டு விழுந்து வடக்கு மண்டபம் சரிந்தது, உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மாண்டார்கள்.

இந்த நூற்றாண்டுகளில் பட்டையின் உருவங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. 19ஆம் நூற்றாண்டில் அக்ரோபொலிஸைத் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. பார்த்தெனான் பட்டை, 1687இல் நடந்த பெரும் வெடிவிபத்தில் சுவர்கள் சரியும்வரை, பெரும்பகுதி கட்டடத்தோடு நின்றது. பலகையே சுவரின் கல் என்பதால், சுவர் விழாமல் உருவம் விழாது. எரெக்தியோனில் சுவர் நின்றது, உருவங்கள் போயின. முளையை மட்டும் நம்பியதுதான் முதல் தவறு. இன்றும் அந்தக் கரிய கற்களை அண்ணாந்து பார்த்தால் முளைத் துளைகள் தெரிகின்றன.

இரண்டாவது தவறு நம் காலத்துக்கு நெருக்கமானது. 1902க்கும் 1909க்கும் இடையே கோயிலை எடுத்து நிறுத்தியபோது, பொறுப்பாளர்கள் சிதறிய கற்களை இணைக்க இரும்பைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். பழையவர்களின் ஈயப் பூச்சைப் பின்பற்றவில்லை. சில பத்தாண்டுகளில் இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கை உள்ளிருந்தே பிளந்தது. 1979இல் மறுபடி எல்லாவற்றையும் அவிழ்த்து, அந்த இரும்பைக் களைந்து, துருப்பிடிக்காத டைட்டானியம் முளைகளை வைத்தார்கள். 1987இல் வேலை முடிந்தது. அதே 1979இல் நகரப் புகையால் அரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஐந்து கன்னியரையும் இறக்கி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இப்போது மண்டபத்தில் நிற்பவை நகல்கள்.

மாற்றியிருக்க வேண்டியவை

உருவத்தையும் சுவரையும் பிரித்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் போர்க்காலத்தில், அந்தப் பணத்தில், வேறு எந்த முறையிலும் வேலை முடிந்திருக்காது. மாற்ற வேண்டியது இணைப்பு. கரிய கல்லில் ஒவ்வோர் உருவத்துக்கும் ஆழமற்ற ஒரு படுகை வெட்டி, முதுகு அதற்குள் உட்காரும்படி செய்திருந்தால், முளை இற்றுப்போன பின்பும் கல் கல்லைப் பிடித்திருக்கும். அதற்குக் கல்தச்சர் கூலி கூடியிருக்கும், உண்மைதான். 3,315க்கு எதிரே அது பெரிய தொகையாக இருந்திருக்காது.

1902இல் வந்தவர்களுக்குப் பழைய கவ்வி ஒன்றை வெட்டிப் பார்த்திருந்தாலே போதும். ஈயம் ஏன் இருந்தது என்ற பதில் அதற்குள்ளேயே இருந்தது.

மூன்றாவது, பதிவு. 409இல் சுவர்க் கல் ஒவ்வொன்றுக்கும் எந்த மூலை, எத்தனை அடி என்று எழுதிய ஊர், உருவங்களைப் பற்றி எழுதும்போது செதுக்கியவர், உருவம், கூலி என்று நிறுத்திக்கொண்டது. கிடைத்திருக்கும் வரிகளில் எந்த உருவம் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது கல்லில் என்ற குறிப்பு இல்லை. கூலி கொடுக்க அது தேவைப்படவில்லை. பிற்காலத்து ஆய்வாளர்கள் உருவங்களின் முதுகுத் துளையையும் சுவரின் துளையையும் ஒப்பிட்டு இடம் தேட வேண்டியதாயிற்று.

முதல் கணக்கெடுப்பைப் போல வேலை முடிந்த நாளிலும் ஒன்று எடுத்திருக்கலாம். கன்னியர் மண்டபத்தின் உத்தரத்தில் பூவட்டங்கள் செதுக்க வேண்டும் என்று 409ஆம் ஆண்டுக் குழு எழுதியது. அந்த வட்டங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, வழவழப்பாக, பூவில்லாமல்.